நைத்திரைல் கையுறை: கமக்காரர் தெரிந்தெடுக்கும் முறை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் வீதியில், நாயாற்றுக் கடனீரேரியை அடுத்துள்ள நிலங்களிலே, காலபோகத்தில் நெல்லும், மேட்டு மணற்பாங்கில் கச்சான், மிளகாய், கத்தரி, பயிற்றை முதலியனவும் செய்கைபண்ணப்படுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கியதும் பயிர் தழைக்கும். பயிரோடு களையும் பூச்சியும் பங்கசு நோயும் தழைக்கும். அவற்றை அடக்கும் மருந்துகளும் அப்போது கமக்காரரின் வீட்டுக்கு வந்து சேரும். பயிரைக் காக்கும் அம்மருந்து, அதனைக் கையாளும் மனிதருக்கு நஞ்சு என்பது யாவரும் அறிந்ததே.

எனினும், அந்நஞ்சு எவ்வழியே உடலுட் புகுகின்றது என்று வினவின், பலர் வாயையும் மூக்கையுமே கூறுவர். வயல்வேலையின்போது நஞ்சு மிகுதியாகப் புகும் வழி தோலேயாகும். மருந்தை அளந்து கலக்கும் வேளையில் முதலில் நனைவதும், மிகுதியாக நனைவதும் கையே. ஆகவே கையைக் காத்தல் உயிரைக் காத்தலாகும்.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய பெருந்தொற்றின் பின்னர், பெட்டியில் அடைத்து விற்கப்படும் மெல்லிய நீலநிறக் கையுறை கிராமத்தவர்க்கும் பழகிய பொருளாயிற்று. அதனை அணிந்துகொண்டால் எந்த மருந்தையும் அஞ்சாது கையாளலாம் என எண்ணுதல் தவறு. சில வேலைகட்கு அது மிக ஏற்றது. வேறு சில வேலைகட்கு அது காப்பன்று, காப்புப் போன்ற தோற்றமே. எவ்வேலைக்கு எவ்வுறை ஏற்றதெனத் தெரிந்தெடுக்கும் முறையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

மெல்லிய கையுறை எதற்காக ஆக்கப்பட்டது?

நுண்ணிய மின்னணு உறுப்புகளும் ஊசிமருந்துகளும் செய்யப்படும் தொழிற்சாலைகளிலே ‘தூய அறை’ எனப்படும் அறைகள் உள்ளன. வடிகட்டிய காற்றை ஒரே சீராகச் செலுத்தித் தூசியை அகற்றும் இன்றைய வகைத் தூய அறையை அமெரிக்க அறிஞர் வில்லிஸ் விற்ஃபீல்ட் 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமைத்தார். சர்வதேச அளவுகோலின்படி ஐந்தாம் தரத் தூய அறையில், ஒரு கனமீற்றர் காற்றிலே அரை மைக்கிரோமீற்றரும் அதற்கு மேலும் பருமனுள்ள துகள்கள் 3520க்கு மேல் இருத்தலாகாது. அத்தகைய அறையில் மனிதரின் தோலே பெரிய அழுக்கு. தோலினின்று உதிரும் செதில்களும் வியர்வையும் பொருளைக் கெடுத்துவிடும். ஆதலின் அங்கு வேலை செய்வோர் ஒருமுறை அணிந்து கழிக்கும் மெல்லிய நைத்திரைல் கையுறையை அணிகின்றனர்.

அங்கே உறை முதன்மையாகக் காப்பது கையையன்று. கையினின்று பொருளைக் காக்கின்றது. வைத்தியசாலையிலும் நோயாளரையும் வைத்தியரையும் ஒருவரிடமிருந்து மற்றவரைக் காக்கும் பொருட்டே அது சிறிது நேரம் அணியப்படுகின்றது. செறிந்த பீடைகொல்லியை ஊற்றும் வேலை இவ்விரண்டினும் வேறானது. ஆகவே உறை வாங்குமுன், ‘எதனை எதனினின்றும் காக்க வேண்டும்?’ என்னும் கேள்விக்கு விடை காணுதல் வேண்டும்.

நைத்திரைல் என்பது யாது?

சாதாரண இறப்பர் கையுறை, இறப்பர் மரத்தின் பாலிலிருந்து செய்யப்படுவது. நைத்திரைல் என்பது பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் அக்கிரிலோநைத்திரைல், பியூற்றடையீன் என்னும் இரு பொருள்களைச் சேர்த்து ஆக்கப்படும் செயற்கை இறப்பர். மரத்து இறப்பர் நீரைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நைத்திரைல் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் நன்கு தாங்கும்.

இதனை வீட்டிலேயே கண்டறியலாம். இரு கையுறைகளிலிருந்தும் ஒரே அளவான துண்டுகளை வெட்டி, ஒரு கண்ணாடிப் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, அவற்றை அதில் இட்டு மறுநாட் பார்க்க வேண்டும். மரத்து இறப்பர்த் துண்டு ஊதிப் பெருத்து வலுவிழந்திருக்கும். நைத்திரைல் துண்டு பெரிதும் மாறாதிருக்கும். பீடைகொல்லிகள் பல எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான்களிலே கரைக்கப்பட்டு விற்கப்படுவதால், கமக்காரருக்கு நைத்திரைல் கூடிய பயனுடையது.

ஆயினும் நைத்திரைலும் எல்லாவற்றையும் தாங்குவதன்று. நீரிற் கலந்ததும் பால்போல் வெண்மையாகும் மருந்துகள் சிலவற்றிலே சைலீன் போன்ற கரைப்பான்கள் உள்ளன. அவை மெல்லிய நைத்திரைலை விரைவிற் கடந்துவிடும். இங்கே உறையின் தடிப்பே கையைக் காக்கும்.

நஞ்சு உறையைக் கடக்கும் வழிகள்

நஞ்சு மூன்று வழிகளாற் கையுறையைக் கடக்கும். முதலாவது, ஊசித்துளை, கிழிசல், நகம் பட்ட இடம் ஆகியவற்றின் ஊடாக ஒழுகுதல். இரண்டாவது, மருந்து பட்டு உறை ஊதியோ, பிசுபிசுத்தோ, வெடித்தோ பழுதடைதல். இவ்விரண்டையும் கண்ணாற் காணலாம்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. உறையிலே துளை இல்லாவிடினும், பழுது தோன்றாவிடினும், நஞ்சின் மூலக்கூறுகள் இறப்பருக்குட் சிறிது சிறிதாக ஊறி மறுபக்கத்தில் வெளிப்படும். இதற்கு எடுக்கும் நேரம் உறையின் தடிப்பு மிக மிகக் கூடும். ஏறக்குறையத் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் எனலாம். மெல்லிய உறையின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். தடித்த உறையொன்றின் தடிப்பு 0.4 மில்லிமீற்றர் என்க. தடிப்பு 4 மடங்கு. நஞ்சு ஊறிக் கடக்கும் நேரமோ ஏறக்குறைய 16 மடங்கு. மெல்லிய உறை சில நிமிடங்களில் விட்டுவிடும் நஞ்சைத் தடித்த உறை பல மடங்கு நேரம் தடுத்து நிற்கும்.

உறையினுள் ஊறிய நஞ்சு மிகவும் கொடியது. வெறுங்கையிற் பட்ட துளியை உடனே கழுவிவிடலாம். உறையினுள் அகப்பட்ட துளியோ, வியர்வையோடு சேர்ந்து, மூடிய வெப்பத்திலே, பற்றுப் போட்டது போலத் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நஞ்சு ஊறிய உறையை அணிவதிலும் அணியாதிருத்தல் நன்று.

ஒரு துளியின் வலிமை

நாயாற்றயலிலே மிளகாய்த் தோட்டமொன்று வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவர் ஒரு லீற்றரில் 500 கிராம் நச்சுப்பொருள் உள்ள மருந்தொன்றில் 20 மில்லிலீற்றரை அளந்து, 16 லீற்றர் கொள்ளும் விசிறுகருவியில் இட்டு நீர் நிரப்புகின்றார். அந்த 20 மில்லிலீற்றரில் உள்ள நஞ்சு 10 கிராம். அது 16 லீற்றர் நீரில் பரவியதும், லீற்றர் ஒன்றுக்கு 0.625 கிராம் மட்டுமே இருக்கும். எனவே போத்தலில் உள்ள மருந்து, தாங்கியில் உள்ள கரைசலிலும் 800 மடங்கு வலியது. ஊற்றும்போது கையிற் சிந்தும் ஒரு மில்லிலீற்றர், விசிறும்போது கையில் ஏறக்குறைய முக்கால் லீற்றருக்கு மேற்பட்ட கரைசல் பட்டதற்கு ஒப்பாகும்.

விசிறும் வேளையிலே கவனமாயிருக்கும் பலர், கலக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ‘இதற்கு எதற்கு உறை?’ என்று வெறுங்கையால் மூடியைத் திறக்கின்றனர். அந்த ஐந்து நிமிடமே நாள் முழுவதிலும் ஆபத்து மிகுந்த நேரம்.

உடலின் எல்லாப் பாகத்துத் தோலும் நஞ்சை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. பரத்தியன் என்னும் பூச்சிகொல்லியைக் கொண்டு அமெரிக்காவிற் செய்யப்பட்டு 1971இல் வெளியான ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை 1 எனக் கொண்டால், உள்ளங்கை 1.3, வயிறு 2.1, நெற்றி 4.2, அரையிடுக்கு ஏறக்குறைய 12 எனக் கண்டனர். எனவே நஞ்சு பட்ட உறையோடு நெற்றி வியர்வையைத் துடைப்பவரும், சாரத்தை இறுக்கிக் கட்டுபவரும், சிறுநீர் கழிக்கச் செல்பவரும், நஞ்சைக் கையினும் மெல்லிய தோலுக்குத் தாமே எடுத்துச் செல்கின்றனர்.

எவ்வேலைக்கு எவ்வுறை?

1. செறிந்த மருந்தை அளத்தல், ஊற்றுதல், கலத்தல்: தடித்த, நீண்ட, பலமுறை பயன்படுத்தும் நைத்திரைல் கையுறையே அணிதல் வேண்டும். தடிப்பு 0.35 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. நீளம் மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் பாதிவரை வருதல் வேண்டும். மெல்லிய உறை இவ்வேலைக்கு ஆகாது.

2. கலந்த கரைசலை விசிறுதல், விசிறுகருவியைக் கழுவுதல்: இதற்கும் தடித்த உறையே தகும். அடைத்துக்கொண்ட விசிறுமுனையை வெறுங்கையாற் கழற்றுவதும், வாயால் ஊதுவதும் ஒருபோதும் செய்யத்தகாதன. மெல்லிய குச்சியோ பழைய பற்றூரிகையோ கொண்டு அதனைத் துப்புரவாக்கலாம்.

3. குருணை மருந்தைத் தூவுதல், மருந்து பூசிய விதையைக் கையாளுதல்: தடித்த உறை அணிக. உலர்ந்த மருந்தாயினும் வியர்வையிற் கரைந்து தோலில் ஏறும்.

4. நாற்றுமேடை வேலை, கிள்ளுதல், காளான் வளர்ப்பு, அறுவடைசெய்த மரக்கறியைத் தரம் பிரித்துப் பொதிசெய்தல்: இவற்றுக்கு மெல்லிய நைத்திரைல் உறை மிகவும் ஏற்றது. இங்கே உறை, தூய அறையிற் போலவே, கையினின்றும் பொருளைக் காக்கின்றது.

நான்காவது பயனைக் கமக்காரர் பலர் அறியார். இலைகளிற் பச்சையும் மஞ்சளுமான திட்டுக்களை உண்டாக்கும் புகையிலைச் சித்திரவடிவ நோயின் வைரசு, பதப்படுத்திய காய்ந்த புகையிலையிலும் நெடுங்காலம் கெடாதிருக்கும். சுருட்டோ புகையிலையோ தொட்ட விரலால் தக்காளி, மிளகாய் நாற்றுக்களைத் தொட்டால், நோய் நாற்றுக்குத் தாவும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிப் புதிய மெல்லிய உறை அணிந்து நாற்றைக் கையாளுதல் இதனைத் தடுக்கும். நோயுற்ற செடியைத் தொட்டபின் அவ்வுறையைக் கழித்துவிட்டே நல்ல செடியைத் தொடுதல் வேண்டும். இன்றேல் கை செய்யும் தீங்கை உறையும் செய்யும்.

துணிக் கையுறையும் தோற் கையுறையும் மருந்து வேலைக்கு முற்றிலும் ஆகாதன. அவை நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினும் நீங்காது. உட்புறத்திலே பஞ்சுத்துணி பதித்த இறப்பர் உறையும் இக்குறையே உடையது. பொலித்தீன் பையைக் கையிற் கட்டிக்கொள்ளுதலும் காப்பாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியன

மருந்துப் போத்தலின் விபரச்சீட்டை முதலில் வாசிக்க. எவ்வகைக் காப்பணி வேண்டுமென்பது அதிற் சொல்லாலும் படத்தாலும் குறிக்கப்பட்டிருக்கும். சீட்டு இல்லாத மருந்தை வாங்கலாகாது.

கையுறைப் பொதியில் ‘நைத்திரைல்’ என்னும் சொல் உளதாவெனப் பார்க்க. நீலநிறம் மட்டும் சான்றாகாது. வேறு பொருளாற் செய்த உறைகளும் நீலநிறத்தில் விற்கப்படுகின்றன.

பீடைகொல்லி வேலைக்கான கையுறைகட்கென 2019இல் ஐ.எஸ்.ஓ. 18889 என்னும் சர்வதேச நியமம் வெளியிடப்பட்டது. அதில் ‘ஜி1’ என்பது ஆபத்துக் குறைந்த வேலைக்குரியது. செறிந்த மருந்துக்கு ஏற்றதன்று. ‘ஜி2’ என்பது செறிந்த மருந்துக்கும் கலந்த மருந்துக்கும் ஏற்றது. ‘ஜி.ஆர்.’ என்பது, மருந்து விசிறிக் காய்ந்த பயிரிடையே பின்னர் வேலைசெய்வோர்க்கு உள்ளங்கைப் புறத்தை மட்டும் காப்பது. இக்குறியீடு இருப்பின் தெரிவு எளிதாகும்.

மெல்லிய உறைப் பெட்டிகளில் ‘ஏ.க்யூ.எல்.’ என்னும் குறியும், 1.5, 2.5 போன்ற எண்ணும் காணப்படும். ஒரு தொகுதியில் எத்தனை வீதம்வரை ஊசித்துளைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையொட்டிய எண் அது. எண் சிறிதாயின் உறை சிறந்தது. புதிய பெட்டியிலும் ஓட்டை உறை இருத்தல் கூடும் என்பதையும் அவ்வெண் உணர்த்துகின்றது. தூளிட்ட உறையை விலக்குக. அத்தூள் உதிர்ந்து பொருளில் ஒட்டும். வைத்தியத் தேவைக்கான தூளிட்ட கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடைசெய்தது.

அளவும் முக்கியம். பெருவிரலை விடுத்து உள்ளங்கையைச் சுற்றி நூலால் அளக்க. சுற்றளவு சுமார் 18 சென்ரிமீற்றர் ஆயின் 7ஆம் இலக்கம், 20 ஆயின் 8ஆம் இலக்கம், 23 ஆயின் 9ஆம் இலக்கம் பொருந்தும். இறுகிய உறை எளிதிற் கிழியும். தளர்ந்த உறையில் போத்தல் வழுக்கும். பெண்களும் மருந்து வேலையில் ஈடுபடும் குடும்பங்களில் அவரவர்க்குத் தனித்தனிச் சோடி வேண்டும்.

அணியும் முறையும் கழற்றும் முறையும்

அணியுமுன் ஒவ்வொரு முறையும் உறையைச் சோதித்தல் வேண்டும். உறையிற் காற்றை அடைத்து, வாய்ப்புறத்தைச் சுருட்டிப் பிடித்து, நீருள் அமிழ்த்தி அழுத்துக. குமிழி எழின் அவ்வுறை ஆகாது. வாயால் ஊதிச் சோதித்தல் கூடாது. நகங்களை வெட்டி, மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வைத்துவிட்டு அணிக.

நெல், மிளகாய், கத்தரி போன்ற தாழ்ந்த பயிருக்கு விசிறும்போது சட்டைக் கையை உறைக்கு வெளியே விடுதல் வேண்டும். மருந்து வழிந்து உறைக்குட் புகாது. பந்தலிற் படரும் பாகல், புடோல் போன்றவற்றுக்கு மேல்நோக்கி விசிறும்போது சட்டைக் கையை உறைக்குள் விட்டு, உறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடுக. கையினின்று முழங்கை நோக்கி வழியும் மருந்தை அம்மடிப்பு ஏந்திக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் தடித்த உறையைக் கழற்றுமுன், கையில் இருக்கும்போதே வெளிப்புறத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. பின்னர் கழற்றிக் கைகளைக் கழுவுக. உறையை நிழலிலே தொங்கவிட்டு உலர்த்தி, உணவுப் பண்டங்களும் குழந்தைகளின் பொருள்களும் இல்லாத இடத்தில் வைத்தல் வேண்டும். உறை கடினமாயினும், பிசுபிசுத்தாலும், நிறம் மாறினும், வெடித்தாலும் இனி அணியலாகாது.

மெல்லிய உறையைக் கழுவி மீண்டும் அணியலாகாது. ஓர் உறையின் வெளிவிளிம்பைப் பிடித்து உட்புறம் வெளியே வருமாறு உரித்து மறுகையிற் பற்றுக. பின்பு உறையற்ற விரலை மற்ற உறையின் விளிம்பின் உட்புறமாகச் செலுத்தி, முதல் உறையையும் உள்ளடக்கி உரித்துவிடுக. அழுக்கான பக்கம் தோலிற் படாது நீங்கும்.

நஞ்சு பட்ட உறையோடு குடிநீர்ப் போத்தல், தொலைபேசி, வெற்றிலைப் பை, உந்துருளியின் பிடி ஆகியவற்றைத் தொடலாகாது. அவற்றைப் பின்னர் வெறுங்கையாற் தொடுவோர் வீட்டிலுள்ள பிள்ளைகளாயும் இருக்கலாம். உணவோடு சேர்ந்த நஞ்சு என்ன செய்யும் என்பதை 1958இல் கேரளம் கண்டது. கப்பலிலே பரத்தியன் நஞ்சு ஒழுகிப் பட்ட உணவுப் பண்டங்களை உண்டு 100க்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்துயரமே இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிகொல்லிச் சட்டத்துக்கு வழிகோலிற்று.

கிணறும் நீரேரியும்

கடற்கரையை அடுத்த மணல் நிலத்திலே நீர் விரைவாக உட்செல்லும். கிணற்று நீரும் ஆழத்தில் இல்லை. ஆகவே உறையையும் விசிறுகருவியையும் கிணற்றடியிற் கழுவுதல், குடிக்கும் நீரில் நஞ்சைக் கலத்தலாகும். வாய்க்காலிற் கழுவிய நீர் வயல்களைக் கடந்து நீரேரியை அடையும். நாயாற்றிலே இறாலும் மீனும் பிடித்து வாழ்வோர் பலர். பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பல இறாலையும் கொல்லும்; இறாலும் கணுக்காலி இனமே. கழுவிய நீரை மருந்து விசிறிய பயிர்நிலத்திலேயே தெளித்துவிடுக.

கழித்த உறைகளை எரிக்கலாகாது. நைத்திரைல் எரியும்போது சயனைட்டு வகை நச்சு வாயு உண்டாகும். வீதியோரத்தும் நீரிலும் வீசாது, மூடிய பையில் இட்டுப் பூட்டிய இடத்தில் வைத்து, அகற்றும் முறையைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிந்து செய்க.

நஞ்சேறியதாக ஐயம் எழின்

மருந்து கையாண்டபின் அளவுக்கு மிஞ்சிய வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, தலைவலி, குமட்டல், பார்வை மங்கல், தசைத்துடிப்பு முதலியன தோன்றின், வேலையை உடனே நிறுத்துக. உறையையும் உடையையும் நீக்கி, உடலைச் சவர்க்காரமிட்டு நிறைய நீரால் கழுவுக. மருந்தின் விபரச்சீட்டையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுக. ‘படுத்தெழுந்தால் மாறிவிடும்’ என இருத்தலாகாது.

முடிவு

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியாகக் கொடிய மருந்துகள் பல நீக்கப்பட்டுள்ளன. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் என்பன 1995இலும், என்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பரகுவாட்டு, டைமெதோயேற்று, பென்தியன் ஆகிய மூன்றும் 2008 முதல் 2011 வரையிற் படிப்படியாக நீக்கப்பட்டன. கொடியன நீங்கின என்பதால் எஞ்சியவை தீங்கற்றன ஆகா. 2017இல் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்திலே, உயர்ந்து அடர்ந்த பருத்திச் செடிகளிடையே தகுந்த காப்பணியின்றி மருந்து விசிறியோரில் 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் பயிரைக் காக்கச் சென்றவர்களே.

தேவையற்ற இடத்தில் மருந்து விசிறாமையே முதற் காப்பு. தேவை ஏற்படின், வெயில் ஏறுமுன் காலையிலே வேலையைத் தொடங்குக; உறையைக் கழற்றிவிட வேண்டுமென்னும் எண்ணம் வெயிலிலேதான் எழும். நஞ்சுக்குத் தடித்த உறை, நாற்றுக்கும் காய்கறிக்கும் மெல்லிய உறை என்னும் இவ்வேறுபாட்டைக் கமக்குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். மேலதிக விபரங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.